செனட் மாளிகையைச் சுற்றிக் காட்டியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு சேப்பாக்கத்தில் கூடினோமே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய செனட் மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போன அந்த நடைக்காகத்தான் இந்த மடல். பதினைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்து இருபது துண்டறிக்கைதான் எடுத்து வைத்திருந்தேன். வந்து நின்றதோ நாற்பத்தொரு பேர். வாடகைக்கு எடுத்த மைக் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஊமையாகிவிட்டது. அப்படியும் நடை நல்லபடியாக முடிந்தது என்றால் அதற்கு நான் காரணமில்லை.

டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். பாதி நாள் அந்த மாளிகையைத் தாண்டித்தான் பஸ் போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மூலைக்கு ஒன்றாக நிற்கும் நான்கு கோபுரங்களையும் அவற்றின் வெங்காயக் குமிழ் மாடங்களையும் பார்ப்பேன். ‘ஏதோ நவாப் கட்டினது’ என்று நினைத்துக்கொண்டு டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம்.

முதல் நன்றி, சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போன் செய்து என்னைத் திட்டிய ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை அக்காவுக்கு. துண்டறிக்கையில் ‘1857இல் கட்டப்பட்டது’ என்று போட்டிருந்தேன். “குழந்தை பொறந்த வருஷத்தையும் வீடு கட்டின வருஷத்தையும் ஒண்ணாக்கிட்டியேம்மா” என்றார். சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்ததுதான் 1857இல். செனட் மாளிகை வேலை தொடங்கியது 1874இல், முடிந்தது 1879இல். இடையில் இருபது வருஷத்துக்கு மேல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இப்படி ஒரு மண்டபம் கிடையாது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம் பிள்ளை பட்டம் வாங்கியபோது இந்தக் கட்டடத்துக்கு வானம்கூடத் தோண்டவில்லை. இருபது தாளிலும் பால்பாயிண்ட் பேனாவால் அடித்துத் திருத்தினேன். கோணல்மாணலாக இருந்ததற்கு மன்னிக்கவும்.

அடுத்து, கட்டடக்கலை படிக்கும் அந்தப் பெண்ணுக்கு. செனட் மாளிகை வாசலில் தொடங்கலாம் என்றுதான் நான் சொன்னேன். “வேணாம் ஆன்ட்டி, மாநிலக் கல்லூரியிலேர்ந்து நடந்து வரலாம், அப்பதான் புரியும்” என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் சொன்னதுதான் சரி. இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸ்ஹோம். கல்கத்தாவில் பொதுப்பணித் துறையில் இருந்தவர். 1864இல் மெட்ராஸ் அரசாங்கம் அறிவித்த வரைபடப் போட்டியில் வென்று இங்கே வந்தார். மாநிலக் கல்லூரி 1870இல் திறக்கப்பட்டது, அதில் இத்தாலியச் சாயல் தூக்கல். ஆனால் தினமும் அவர் கண்ணில் பட்டது பக்கத்திலிருந்த ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. அந்த அரண்மனையின் இரண்டு பகுதிகளை ஒரு கோபுரம் எழுப்பி இணைத்த வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். கடைசியில் செனட் மாளிகை எழும்பியபோது நவாபின் வளைவுகளும் பைசாண்டிய பாணியில் தூண்களின் தலைப்பகுதியில் செதுக்கிய சிற்பங்களும் ஒரே கட்டடத்தில் கைகோத்துக்கொண்டன. ஒரு மனிதரின் மனசு மாறியதைக் கால் மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தை முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கடந்தவள் ஆயிற்றே.

இப்படி நம்மூர், முகலாய, ஐரோப்பியக் கட்டடக்கலைகளைக் கலந்து கட்டும் இந்தோ-சாராசெனிக் பாணியைச் சிலர் கதம்பம் என்று கேலி பேசுவார்கள். கதம்ப சாதம் ருசியாக இருந்தால் நான் இன்னொரு கரண்டி கேட்கிற ஆள்.

கொத்தனார் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டேன். வரும்போது ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் குழைத்த காரையோடு வந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் பிசைந்தது. லேசான புளிப்பு வாடை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்கள். “கடக்காத்து உப்பைக் கொண்டாந்து செவுத்துல ஏத்தும். சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ள போன ஈரம் அது வழியா வெளிய வந்துடும். அதுமேல சிமெண்டு பூசுனீங்கன்னா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். கொஞ்ச நாள்ல பொருக்குப் பொருக்கா கொட்டும், செங்கல்லும் சேர்ந்து போயிடும்” என்றார். பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி இந்த மாளிகையைப் புதுப்பித்த கதையை நான் பத்து நிமிஷம் பேசலாம் என்று எழுதி வைத்திருந்தேன். அவருக்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை. நல்லதுதான்.

உள்ளே போக அனுமதி தந்த நிர்வாகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் சாவிக்கொத்தோடு வந்த ஊழியர் தம்பிக்கும் நன்றி. பெரிய மண்டபத்தில் கடல் பக்கத்து வெயில் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பையன், ஆறாவது படிக்கிறானாம், தன் வெள்ளைச் சட்டை மேல் சிவப்பு விழுவதைப் பார்த்துவிட்டு அரை அடி நகர்ந்தான், பச்சை விழுந்தது. திரும்பவும் நகர்ந்தான். 1937 ஜூலையில் மெட்ராஸ் சட்டமன்றம் இந்த மாளிகையில்தான் கூடியது, ராஜாஜி அப்போது பிரதமர், முதலமைச்சரை அந்த நாளில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் காதில் ஒன்றும் விழவில்லை. துணைச் சபாநாயகராக ருக்மிணி லட்சுமிபதி தேர்வானதைச் சொன்னபோது மட்டும் அவன் பாட்டி நிமிர்ந்து, “எழும்பூர்ல ரோடு இருக்கே, அந்த அம்மாவா?” என்றார். அதே அம்மாதான். வருஷக் கடைசிவரை இங்கே கூடிவிட்டு, 1938இல் சட்டமன்றம் இன்றைய ராஜாஜி மண்டபத்துக்குப் போய்விட்டது.

மைக் செத்துப்போனதும் கணீரென்று குரல் கொடுத்து என் பேச்சை வரிவரியாகப் பின்வரிசைக்குத் திருப்பிச் சொன்ன நாடகக்காரத் தம்பி, விக்டோரியா ராணி சிலை அருகே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்ட பெரியவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டு, காசு வாங்காமல் திரும்பிய ஆட்டோ அண்ணன், நாற்பத்தொரு பேருக்கும் சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்த திருவல்லிக்கேணி மாமி, எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மாமி, உங்கள் பெரிய தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. இந்த வாரம் கொண்டுவந்து தருகிறேன்.

கொத்தனார் ஐயா, உங்கள் ஹார்லிக்ஸ் டப்பாவும் இங்கேதான். மிச்சமிருந்த காரையை எடுத்து எங்கள் மொட்டைமாடி வெடிப்பில் நானே பூசிப் பார்த்தேன். பூசின விதம் சரியா என்று ஒருநாள் வந்து பார்த்துச் சொல்லுங்கள், சிரிக்கக் கூடாது.

நன்றியுடன்,
துண்டறிக்கையில் தேதியைத் தப்பாகப் போட்டவள்