ஜானுவைப் பற்றியும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்காலத்தில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் பழைய மாணவர் சந்திப்பில் மீண்டும் சந்திக்கும் '96' படத்தை முன்வைத்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய மாணவர் சந்திப்புகள் குடும்பங்களைக் கலைக்கின்றன, அதற்குத் தூபம் போட்டதே இந்தப் படம்தான் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். அவர் ராமை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஒருவர் மட்டும் அப்படியில்லை. 2018 அக்டோபரில் படம் வெளியான நாளிலிருந்து எல்லாரும் ராமின் தவத்தைத்தான் பேசுகிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தான், ஜானு நினைவாக வைத்திருந்ததையெல்லாம் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்தான், அவள் திருமணத்துக்கே வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனான். உண்மைதான், விஜய் சேதுபதியின் நடிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தாலி ஏறும் நேரம் வரை அவன் வந்துவிட மாட்டானா என்று மணமேடையில் தேடிக்கொண்டிருந்தவளின் கதி என்ன? அவளுக்குப் பெட்டி வைத்துப் பூட்ட ஒரு தனி அறைகூடக் கிடையாது. குடும்பம் நடத்தினாள், பிள்ளை பெற்று வளர்த்தாள், அதற்கிடையேதான் அத்தனையையும் சுமந்தாள்.

ராமின் மாணவிகளிடம் அவள் கதை சொல்லும் காட்சியைக் கட்டுரையாளர் மறுபடியும் பார்க்க வேண்டும். அவளை ராமின் மனைவி என்றே அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. கல்லூரிக்குத் தன்னைத் தேடி வந்தவன் ராம் என்று தெரியாமல், தொந்தரவு செய்யும் வேறொருவன் என்று எண்ணி, முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியவள் அவள். பிள்ளைகளிடமோ, ஓடிப்போய் அவனைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறாள். வாழாத ஒரு வாழ்க்கையைச் சிரித்த முகத்தோடு, ஒரு சொல் தடுமாறாமல் சொல்கிறாள் ஜானுவாக வரும் திரிஷா. இயக்குநர் பிரேம்குமார் படத்தின் மொத்த வலியையும் வைத்திருப்பது அங்கேதான் என்பேன். விடிந்ததும் அவள் கணவனும் மகளும் இருக்கும் சிங்கப்பூருக்கே திரும்பிவிடுகிறாள். இதில் எந்தக் குடும்பம் கலைந்தது?

எனக்கு இவ்வளவு ஆதங்கம் வரக் காரணம் இருக்கிறது. நானும் ஏறக்குறைய ராமும் ஜானுவும் படித்த தொண்ணூறுகளில் படித்தவள், பெண்கள் பள்ளி. அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2019இல் பிரித்த பிறகு என் வகுப்புத் தோழிகள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டத்துக்காரர்கள். பாதிப்பேர் பத்தாவது முடித்ததுமே மணமுடித்துப் போனவர்கள். போன இடத்து முகவரி யாரிடமும் இல்லை. பிறந்த வீட்டுக்கு இன்லேண்டு லெட்டர் போட்டால் அதைப் பிரித்துப் படிப்பது அண்ணனோ அப்பாவோதான். சொல்லியனுப்பிய செய்தி போய்ச் சேராமல் இரண்டு வாழ்க்கைகள் திசைமாறியது படத்துக்காகச் செய்த ஜோடனை என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்று சொல்வார்கள்.

வாட்ஸ்அப் வந்த பிறகுதான் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தோம். வேலூர் கோட்டைப் பூங்காவில் ஒருநாள் கூடலாம் என்று முடிவு செய்தோம். குடியாத்தத்திலிருந்து வருவதாகச் சொன்ன தோழி, தான் வரவில்லை என்று முந்தின நாள் இரவு செய்தி அனுப்பினாள். "அந்தப் படத்தில் வருகிற மாதிரியா?" என்று வீட்டில் கேட்டார்களாம். எங்கள் வகுப்பில் ஒரு ஆண்பிள்ளைகூடப் படிக்கவில்லை! இன்னொருத்தி குழுவில் சேர்ந்ததே கணவருடைய எண்ணில்தான். அவளுக்கு நாங்கள் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர். ஆற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவள் மட்டும் மகளையும் அழைத்து வந்திருந்தாள். அம்மாவைப் பெயர் சொல்லி, வாடி போடி என்று அழைப்பவர்களை அந்தப் பெண் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் கூடினால் அது நட்பு. பெண்கள் கூடினால் மட்டும் குடும்பத்துக்கு ஆபத்தா? இந்த மாதிரிக் கட்டுரைகள் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் பயணத்தை நிறுத்திவிடும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சில் வந்தது என்று எடுத்துக்காட்டிப் பேச எங்கள் வீடுகளில் ஆள் இருக்கிறார்கள்.

அதே அளவு இடத்தில், ஜானுவின் பக்கம் நின்று எழுதும் ஒரு பெண்ணின் கட்டுரையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.