சிடிய வித்துறாத டி

ஏய் கழுத,

நல்லா இருக்கியா? அத்தைக்கு முட்டி வலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம், பாப்பாவ ஸ்கூல்ல சேத்தாச்சு, மாமியார் ஊருக்குப் போயாச்சு, அவ்ளோதான் செய்தி.

நேத்து ராத்திரி குட்டச்சி போன்ல பேசிட்டு இருக்கும்போது போற போக்குல சொல்றா, நீ உன் சிடி மொத்தத்தையும், நம்ம உசுரா கேக்கற நாய்ஸ் ஆல்பம் (வெறும் இரைச்சலையே இசையா செய்றது) உட்பட, எவன்கிட்டயோ லாட்டா பேசி முடிச்சிட்டு அந்த காசுல வினைலா, அதான் ஊசி வச்சு ஓட்டுற எல்பி தட்டா, வாங்கிக் குவிக்கப் போறியாம். எனக்கு பகீர்னு ஆயிருச்சு. போன்ல சொன்னா நடுவுல நடுவுல பூந்து என் வாய அடைச்சிருவ, உன்ன எனக்குத் தெரியாதா, அதான் உக்காந்து எழுதுறேன். முழுசா படிச்சிட்டு அப்புறம் கத்து.

மத்த பாட்டுன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஜாஸோ ராஜாவோ எது வேணா வினைல்ல வாங்கிக்கோ, கவர் பெருசா அழகா இருக்கு, கையில எடுத்தாலே ஒரு சந்தோஷம், ஒத்துக்குறேன். அங்க ஒரு குரல் இருக்கு, ஒரு வயலின் இருக்கு, அது எப்படிக் கேக்கணும்னு நம்ம காதுக்கு ஏற்கனவே தெரியும், ஊசி சொதப்புச்சுன்னா அடுத்த நொடி புடிச்சிருவோம். மெர்ஸ்பவ், அதான் ஜப்பான்காரர் மசாமி அகிடா நாய்ஸ் போடுற பேரு, அதுல எத வச்சுடி புடிப்ப? மொத்தமும் டிஸ்டார்ஷன்தான், வேணும்னே சிதைச்ச சத்தம். அதுல எது மசாமி அகிடா போட்டது, எது தட்டுல பள்ளம் வெட்டும்போது சேந்தது, எது உன் ஊசி தேஞ்சு போனதால வந்ததுன்னு ஒரிஜினல பக்கத்துல வச்சுக் கேக்காம யாராலயும் சொல்ல முடியாது. அதனால நாய்ஸ்ல மட்டும் ஒரு ஆல்பத்த முதல்ல எந்த பார்மட்டுக்குன்னு செஞ்சாங்களோ அது உன் கையில இருந்தே ஆகணும், இதுல நான் எறங்கி வரவே மாட்டேன்.

மெர்ஸ்பவோட பல்ஸ் டீமன் ஆல்பம் இப்ப என்கிட்ட ரெண்டும் இருக்கு, 1996 சிடியும், ரொம்ப வருஷம் கழிச்சு வந்த டபுள் எல்பியும். போன ஞாயித்துக்கிழமை பூரா அதான் வேலை. ரெண்டையும் ஒரே சவுண்ட் லெவலுக்குக் கொண்டு வந்துட்டுதான் கேட்டேன், ஏன்னா எது லேசா சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்கறதா காதுக்குத் தோணும், நீ அந்த குண்டன் வீட்டுல ஏமாந்தியே அதே கதை. அதுல முதல் டிராக் உட்பெக்கர் நம்பர் 1 ஆரம்பிக்கிற இடம் இருக்கு பாரு, சிடில அந்த மேல் சத்தம் பல்ல கூச வைக்கும், நெத்திப்பொட்டுல வந்து குத்தி நிக்கும். எல்பில அதே இடம் முனை மழுங்கி வருது. கீழ ஓடுற தடதடப்பு மட்டும் நல்ல கனமா இருக்கு, அது எனக்குப் புடிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆல்பத்தோட உசுரே மேல இருக்கற அந்தக் குத்துதான டி?

இது என் காதோட பிரமை கிடையாது. எல்பி வெட்டும்போது ஆர்ஐஏஏ கர்வ்னு ஒண்ணு போடுவாங்க, பேஸக் குறைச்சு ட்ரெபிள ஏத்தி வெட்டுவாங்க, 1 கிலோஹெர்ட்ஸ விட 20 கிலோஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏத்தம், திரும்ப ஓட்டும்போது ஃபோனோ ஸ்டேஜ், அதான் ரெக்கார்ட் பிளேயருக்கான ஆம்ப், அத அப்படியே எறக்கிரும். சாதாரண பாட்டுல அவ்ளோ உயரத்துல சரக்கு கம்மி, ஏத்தினாலும் தாங்கும். நாய்ஸ்ல கீழ இருந்து மேல வரைக்கும் ரொம்பி வழியுது, அத ஏத்தி வெட்டினா பள்ளம் வெட்டுற கட்டிங் ஹெட்ல இருக்கற காயில் சூடாகி எரிஞ்சே போயிரும், அதனால இன்ஜினியர் ஒண்ணு மொத்த லெவலையும் குறைக்கணும், இல்ல மேல் சத்தத்த சீவணும். பேஸ்ல லெப்டும் ரைட்டும் எதிரெதிரா ஆடினா ஊசி பள்ளத்த விட்டு வெளிய துள்ளும், அதனால கீழ இருக்கறத மோனோவாக்குவாங்க. இன்னொண்ணு, நிமிஷத்துக்கு சுத்து என்னவோ எப்பவும் 33⅓தான், ஆனா உள்ள போகப் போக வட்டம் பாதிக்கும் கீழ சின்னதாயிருது, அதே சத்தத்த அவ்ளோ குறுகுன இடத்துல எழுதணும், ஊசியால பின்தொடர முடியாது, ஒவ்வொரு சைடோட கடைசியும் மங்கலாத்தான் வரும். சிடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்ல, செகண்டுக்கு 44,100 தடவ சத்தத்த அளந்து ஒவ்வொண்ணையும் 16 பிட் எண்ணா வைக்கும், முதல் செகண்டும் கடைசி செகண்டும் ஒண்ணுதான்.

அப்புறம் நேரம். பல்ஸ் டீமன் 70 நிமிஷத்துக்கு மேல நிக்காம ஓடுற ஆல்பம். ஒரு அரை மணி நேரத்துக்கு அப்புறம் காது சண்டை போடறத விட்டுரும், அப்பதான் உள்ளுக்குள்ள குட்டிக் குட்டியா தாளம் மாதிரி ஒண்ணு ஓடிட்டு இருக்கறதே கேக்க ஆரம்பிக்கும். எல்பில அதுக்குள்ள எந்திரிச்சுப் போய் தட்டத் திருப்பணும், அந்த அமைதியில காது பழையபடி தெளிஞ்சிரும், திரும்ப மொதல்ல இருந்து. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெரிய நஷ்டமாப் பட்டுச்சு.

உடனே வினைல் எதிரின்னு என்ன முத்திரை குத்தாத. வினைலுக்குன்னே பொறந்ததும் இருக்கு, அத சிடில கேக்கறதும் இதே அநியாயம்தான். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடோட மெட்டல் மெஷின் மியூசிக் எடுத்துக்கோ, 1975ல ஆர்சிஏ கம்பெனி போட்ட டபுள் எல்பி, நாலு சைடும் 16:01னு லேபிள்ல போட்டு, நாலாவதுக்கு மட்டும் கூடவே முடிவிலிக் குறி. கடைசிப் பள்ளம் வட்டமா மூடியிருக்கும், சுத்துக்கு 1.8 செகண்ட், நீயா போய் ஊசிக் கைய தூக்குற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். சிடி எங்கயாவது ஒரு இடத்துல முடிஞ்சுதான் ஆகணும். ஆர்ஆர்ரெகார்ட்ஸ் கம்பெனி போட்ட ஆர்ஆர்ஆர்-500ல ஒரே எல்பில 500 லாக்டு குரூவ், அதே மாதிரி வட்டமா மூடின பள்ளம், ஊசிய எங்க வைக்கிறியோ அதுதான் உனக்குக் கெடைக்கிறது. கிறிஸ்டியன் மார்க்லேன்னு ஒரு கலைஞர் 1985ல உறையே இல்லாம ஒரு ரெக்கார்ட் வித்தார், கடையிலயும் வீட்டுலயும் படுற தூசியும் கீறலும் அந்த இசையில சேந்துக்கிட்டே போகணும்னு. இதெல்லாம் நீ வினைல்ல வாங்கறேன்னா சொல்லு, பாதிக் காசு நான் போடுறேன், சத்தியமா.

ஆனா ஜப்பான் கலைஞர் யசுனாவோ டோனோட சோலோ ஃபார் வூண்டட் சிடியையும் அந்த லாட்ல தள்ளப் போறியா? ஊசியால பொத்தல் போட்ட செல்லோ டேப்ப சிடி மேல ஒட்டி, பிளேயர தப்புத் தப்பா படிக்க வச்சு செஞ்சது டி அது, பிளேயர் தப்ப தானா சரி பண்ற எரர் கரெக்ஷனே திணறிப் போற சத்தம். 1997ல ட்ஸாடிக் கம்பெனி போட்டது. அது சிடிலதான் இருக்கணும். ஜப்பான் நாய்ஸ் குழு இன்கபாசிடன்ட்ஸோட ஆஸ் லவுட் ஆஸ் பாசிபிளயும் விக்காத, அதுல இருக்கற, பகல்ல பேங்க் வேலை பாத்துட்டு நாய்ஸ் போட்ட மிகாவா மேல உனக்கு இருந்த மயக்கம் எங்க போச்சு?

ஒண்ணே ஒண்ணு மட்டும் அவசரமா செய். உன்கிட்ட இருக்கற சிடி-ஆர், அதான் கம்ப்யூட்டர்ல பர்ன் பண்ணின சிடி, எல்லாத்தையும் இந்த வாரமே தரம் கொறையாத ஃபிளாக் ஃபைலா ரிப் பண்ணி ரெண்டு எடத்துல வை. அதுல இருக்கற சாயம் வெளுத்துப் போகும், அம்பது காப்பி நூறு காப்பின்னு போட்டதெல்லாம் போனா போனதுதான். இங்கிலாந்துல பிளாக்பர்ன்ல இருந்த பிடிஓ ஃபேக்டரில அடிச்ச பழைய சிடி இருந்தா அடியில தங்கக் கலர்ல பழுத்திருக்கான்னு பாரு, அது கெட்டுப் போற அடையாளம், ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கும்.

இப்ப சீரியஸா ஒண்ணு. ராத்திரி படுத்தா காதுல கொய்ங்னு கேக்குதுன்னு குட்டச்சிகிட்ட சொல்லிருக்க, என்கிட்ட சொல்லல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு டி. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரைக்கும்தான் கேக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அது பாதியாகும், 100 டெசிபல்ல கால் மணி நேரம்தான் கணக்கு. நீ ஹெட்போன்ல எந்த லெவல்ல கேப்பேன்னு எனக்குத் தெரியும், ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் மாமி வந்து கதவ தட்டுவாளே. உள்காதுல இருக்கற அந்த மயிர் செல் செத்துச்சுன்னா திரும்ப மொளைக்காது. எந்த பார்மட் வாங்கினாலும் கேக்கறதுக்கு காது வேணும். நாளைக்கே இஎன்டி டாக்டர்கிட்ட போய் ஆடியோகிராம், அதான் காது கேக்கற டெஸ்ட், எடு, ரிப்போர்ட்ட எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு, அது வர்ற வரைக்கும் ஹெட்போன தொடாத.

அந்த ஆள்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன்னா எவ்ளோன்னு சொல்லு, நான் இன்னைக்கே அனுப்புறேன், திருப்பிக் குடுத்துரு. டபுளா இருக்கறது, இனிமே கேக்க மாட்டேன்னு தோணுறதுன்னு ஒரு லிஸ்ட் போடு, அத வித்துக்கலாம், ரெண்டு பேரும் போன்ல உக்காந்து பாத்துக்கலாம். பொங்கலுக்கு வரும்போது உன் மெட்டல் மெஷின் மியூசிக்க எடுத்துட்டு வா, நாலாவது சைட நம்ம பெரியண்ணனுக்குப் போட்டுக் காட்டணும்.

உன்
வாலு