குழந்தையோடு பறக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு தீம் பார்க் போக விமானம் ஏறுவோர் முதலில் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்களில் 2 வயது நிறையும் வரைதான் மடியில் இடம். போகும்போது 1 வயது 11 மாதம், திரும்புவதற்குள் 2 முடிந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். கவுன்டரில் போய்த் தெரிந்துகொண்டால் பர்ஸ் கரையும்.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். கேபின் அழுத்தம் கூடும்போது நடுச்செவிக்குக் காற்று போகும் குழாய் எளிதில் திறக்காது, விழுங்கினால் திறக்கும். ஆகவே தரையிறங்க அரை மணி இருக்கையில் தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். பலர் புறப்படும்போதே பாட்டிலைக் காலி செய்துவிடுகிறார்கள்! சளி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்ட்ரோலரை (குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டி) விமான வாசலில் ஒப்படைக்கும் முன் கழன்று விழக்கூடிய தட்டு, பையை எடுத்துவிடுங்கள்.

பார்க்கில் பெரிய ரைடுகளுக்கு வயதைவிட உயரம்தான் கணக்கு: 102 செ.மீ., 112 செ.மீ. என ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. வீட்டிலேயே அளந்து பார்க்கின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டால், வரிசையில் நின்று கால் கடுத்தபின் அழுகை இராது. ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மற்றவர் என, பெற்றோர் மாறி மாறி ஏறும் வசதி பல இடங்களில் உண்டு. வரிசையில் சேரும் முன்பே ஊழியரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி