இறகும் கேடயமும்: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, கோடைச் சுற்றுலா மூன்றும் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவை எனக்குப் பிறகு பொருளாளர் படிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்கிறேன். சந்தா பாக்கி யார் யார் என்று அவரவருக்கே தெரியும். பெயர் படிக்கப் போவதில்லை.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது ஊரில் நடக்கும் ஹைலாண்ட் கேம்ஸ் என்ற மலைநாட்டு விளையாட்டு விழாவின் அணிவகுப்புதான். ஸ்காட்லாந்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்த நம்மை, இம்முறை உள்ளே வந்து நடக்கச் சொன்னார்கள். கில்ட் என்ற கட்டம் போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடையைக் கட்டுவது என்று ஒருமனதாக முடிவானது. எந்தத் தொப்பி, என்ன பேனர் என்பதில்தான் இழுபறி.

அளவு பார்க்கும் நாளன்று, வாடகைக்கு வந்த தொப்பிகளில் சிலவற்றில் மூன்று மூன்று இறகுகள் செருகியிருந்தன. வான்கோழி இறகுக்குச் சாயம் ஏற்றி, நுனியைக் கறுப்பாக்கி, கழுகு இறகு போலவே செய்திருந்தார்கள். போட்டால் எடுப்பாகத்தான் இருந்தது. இளைஞர்கள் எல்லோரும் அதற்குத்தான் கை நீட்டினார்கள். மண்டபத்தின் காப்பாளர் பழைய பைப் பேண்ட்காரர், அதாவது காற்றுப்பை வைத்து ஊதும் பைப் வாசிக்கும் குழுவைச் சேர்ந்தவர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒரே சங்கத்தில் இத்தனை கிளான் தலைவர்களா!" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே. அப்புறம் அவரையே உட்காரவைத்துக் கேட்டோம்.

விஷயம் இதுதான். ஹைலாண்ட் தொப்பியில் கழுகு இறகு அலங்காரம் அல்ல, அந்தஸ்து. கிளான் என்றால் ஹைலாண்ட் குலம். அதன் தலைவர் மூன்று இறகு வைப்பார். அந்தக் கிளானுக்குள் ஒரு பெரிய கிளையின் தலைவராக ஏற்கப்பட்டவருக்கு இரண்டு. தன் சொந்தப் பெயரில் மரபுச் சின்னம், அதாவது கேடயத்தில் வரையும் சின்னம், பதிவு செய்திருப்பவருக்கு ஒன்று. மற்ற யாருக்கும் இறகே கிடையாது. பெண்களுக்கும் இதே கணக்குதான். மெக்லவுட் கிளானுக்கு 1976ல் காலமாகும்வரை டேம் ஃபுளோரா மெக்லவுட்தான் தலைவி. நிஜக் கழுகு இறகு கிடைக்காதவர்கள் வெள்ளியில் செய்ததைக் குத்திக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் கிளான்காரர்களுக்கு இது கட்டாயமே ஆகிவிட்டது. 1962 முதல் பொன் கழுகும் அங்கே தனிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால், அனுமதி இல்லாமல் ஓர் இறகை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

இறகோடு சேர்ந்திருக்கும் உலோக வில்லையையும் கவனிக்க வேண்டும். தலைவரின் வில்லையில் அவருடைய கிரெஸ்ட்டை, அதாவது மரபுச் சின்னத்தில் கேடயத்துக்கு மேலே வரும் உருவத்தை, சுற்றி வெறும் வளையம், அதில் அவர் மரபின் வாசகம். சாதாரண உறுப்பினரின் வில்லையில் அதே கிரெஸ்ட்தான், ஆனால் சுற்றிலும் ஒரு வார், அதில் ஒரு பக்கிள். நான் இன்ன தலைவரின் ஆள் என்பதற்கு அந்த வார்தான் அடையாளம். கிரெஸ்ட் தலைவரின் சொத்து. மற்றவர்கள் அவர் பேரைச் சொல்லி அணிகிறவர்கள். அதை மோதிரத்தில் பொறித்து எங்கள் குடும்பச் சின்னம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எடின்பரோ ராயல் மைல் கடைகளில் எந்தக் குடும்பப் பெயரைச் சொன்னாலும் ஒரு கேடயம் எடுத்துத் தருவார்கள். வாங்கிச் சுவரில் மாட்டலாம், தப்பில்லை. ஆனால் ஸ்காட்லாந்து சட்டத்தில் குடும்பத்துக்குப் பொதுவான கேடயம் என்று ஒன்று இல்லை. ஒரு கேடயம் ஒருவருக்குத்தான். தலைவரின் மூத்த மகன்கூட அப்பாவின் சின்னத்தின் மேல் மூன்று தொங்கல் உள்ள ஒரு பட்டை சேர்த்துத்தான் பயன்படுத்துவார். இளைய பிள்ளைகள் ஓரத்தில் வண்ணக்கரை மாதிரி ஏதாவது வித்தியாசம் காட்டித் தனியாகப் பதிய வேண்டும்.

2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் உடல் எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, சுற்றிக் காவல் நின்றவர்களின் தொப்பியில் நீண்ட இறகு இருந்ததே, அவர்களெல்லாம் யார் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவர்கள் ராயல் கம்பெனி ஆஃப் ஆர்ச்சர்ஸ், 1676ல் தொடங்கிய வில்லாளர் அணி, ஸ்காட்லாந்தில் மன்னரின் மெய்க்காவலர்கள். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்பது அணிக்குள் உள்ள பதவி வரிசை, கிளானோடு சம்பந்தமில்லை. பைப் பேண்டில் சிலர் போடும் கரடித் தலை போன்ற பெரிய தொப்பி நெருப்புக்கோழி இறகால் ஆனது. பிளாக் வாட்ச் படையின் சிவப்புக் குஞ்சம் படை அடையாளம். இரண்டையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதெல்லாம் கல் தோன்றி மண் தோன்றாக் காலத்து வழக்கு என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. 1746ல் கலோடன் போரில் அரசை எதிர்த்த கிளான்கள் தோற்றபின் ஹைலாண்ட் உடைக்கே தடை வந்தது, 1782ல்தான் நீங்கியது. 1822ல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில் மூழ்கடித்தார். இன்று விதியாக நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு ஒழுங்கானது. கிளான் தலைவர்களின் நிலைக்குழு அமைந்ததே 1952ல்.

அதற்கு முன்பு அந்தஸ்து தொப்பியில் மட்டும் தெரியவில்லை, பின்னால் வருகிற ஆட்களிலும் தெரிந்தது. நூலகத்தில் நாம் நடத்திய மாலைப் பேச்சில் இந்தப் பகுதிதான் களைகட்டியது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹைலாண்டில் இருந்த ஓர் ஆங்கில அதிகாரி தன் கடிதங்களில் பட்டியலே போட்டிருக்கிறார். தலைவர் பயணம் போனால் கூடவே ஒரு கவிஞர், தலைவர் சார்பில் பேச ஒருவர், வாள் தூக்க ஒருவர், ஆற்றைக் கடக்கும்போது தலைவரையே தூக்க ஒருவர், குதிரையைப் பிடிக்க ஒருவர், மூட்டைக்கு ஒருவர். பைப் வாசிப்பவர் வருவார், அவர் பைப்பைச் சுமக்க ஓர் எடுபிடியும் வருவார். வாசித்து முடித்ததும் அவர் பைப்பைத் தரையில் அலட்சியமாகப் போட்டுவிடுவாராம். வித்தை தன்னுடையது, கருவியைச் சுமப்பது தன் வேலை அல்ல என்ற எண்ணம். எடுபிடி ஓடிவந்து அதை எடுத்துக்கொள்வார். நம் மண்டபக் காப்பாளர் இதைக் கேட்டுவிட்டு, தன் பேண்டில் அப்படி ஒருவரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றார்.

கூப்பிடும் முறையும் வேடிக்கைதான். கேமரன் கிளானின் தலைவரை நேரில் பார்த்தால் "லொக்கீல்" என்று மட்டும் அழைக்க வேண்டும். அது அவர் பூர்வீக நிலத்தின் பெயர். மிஸ்டர் சேர்த்தால்தான் மரியாதைக் குறைவு. நம்மவர்களுக்கு 'சார்' இல்லாமல் நாக்கு புரளாது; நல்லவேளையாக அந்தச் சோதனை வரவில்லை.

பேனருக்கு வருகிறேன். கேடயம் வரைந்து, உள்ளே சங்கத்தின் முதல் எழுத்துகளைப் போட்டு, ஓர் உறுப்பினர் அழகான வடிவம் கொடுத்திருந்தார். ஸ்காட்லாந்தில் அது முடியாது. இங்கே மரபுச் சின்னங்களுக்கு லார்ட் லயன் என்ற அதிகாரி இருக்கிறார். எடின்பரோ நியூ ரெஜிஸ்டர் ஹவுஸில் அவர் நடத்துவது நிஜ நீதிமன்றம்; வழக்குப் போட அதற்கென்றே அரசு வழக்கறிஞரும் உண்டு. 1592ஆம் ஆண்டுச் சட்டமும் 1672ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பதிவேட்டில் இல்லாத கேடயத்தைப் பயன்படுத்தினால் கேள்வி வரும். கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஏர் யுனைடெட் கிளப் பல வருடம் சட்டையில் போட்டிருந்த கேடயச் சின்னத்தை இதனால்தான் மாற்ற வேண்டி வந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? ஆகவே நம் பேனர் வட்ட வடிவத்துக்கு மாறியது. வரைந்தவர் மனம் கோணாமல் மறுபடி வரைந்து கொடுத்தார், அவருக்குத் தனி நன்றி.

மஞ்சள் துணியில் சிவப்புச் சிங்கம் உள்ள கொடியும் வேண்டாம் என்று விட்டோம். அது மன்னரின் சின்னம். 1934ல் ஐந்தாம் ஜார்ஜ் கையில் பிடித்து ஆட்ட மட்டும் அனுமதி கொடுத்தார், அதனால்தான் மைதானங்களில் பார்க்கிறோம். கொடிக்கம்பத்தில் ஏற்றுவது வேறு. நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி போட்ட ஆண்ட்ரூ கொடி, ஸ்காட்லாந்தின் கொடி, யாருக்கும் பொது. அதை எடுத்துக்கொண்டு நடந்தோம்.

பெண்கள் புடவை மேல் டார்ட்டன் சால்வை போட்டதை எல்லோரும் பாராட்டினார்கள். அதிலும் ஒரு வழக்கு உண்டு. கிளான் தலைவிகளும், தலைவர்களின் மனைவியரும், ஸ்காட்டிஷ் படைப்பிரிவுக் கர்னல்களின் மனைவியரும் இடது தோளில் போடுவார்கள், மற்றவர்கள் வலது தோளில். புடவைத் தலைப்பு இடது தோளில் இருப்பதால் வலது தோள் நமக்கு வசதியாகவே அமைந்தது.

தொப்பியை வெறுமையாகவே விட்டோம். ஹெதர் என்ற மலைப் பூச்செடியின் கொத்து வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அது மெக்டொனால்ட் கிளானின் தாவர அடையாளம். கேம்பெல்களுக்கு பாக் மிர்ட்டில், கிராண்ட்களுக்கு பைன் என்று ஒவ்வொரு கிளானுக்கும் ஒரு செடி இருக்கிறது. நாம் எந்தக் கூடாரத்து ஆளும் இல்லை. மழை தூறியது, நடந்தோம், யாரும் வழுக்கி விழவில்லை.

இன்று பொதுக்குழுவின் முடிவுக்கு ஒரு விஷயம் வைக்கிறேன். நம் சங்கமே லார்ட் லயனிடம் முறையாக மனுப் போட்டு, சொந்தமாக ஒரு கேடயம் வாங்கலாம் என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சங்கங்களும் மனுப் போடலாம், தடையில்லை. கட்டணம் கணிசமானது, பொருளாளர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இளைஞர்கள் இந்த யோசனையை ஏன் இவ்வளவு ஆர்வமாக ஆதரிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சின்னம் கிடைத்தால் அது சங்கத்துக்கு மட்டும்தான். அதைக் காட்டி உறுப்பினர் எவரும் தொப்பியில் ஓர் இறகுகூட வைக்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்