என் நகச்சுத்தும் உன் மூட்டு வலியும்

அன்புள்ள வசந்தி,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆச்சுடி. அன்னிக்கே பதில் போடணும்னு உக்காந்தேன், ஆனா வலது கை கட்டை விரல்ல நகச்சுத்து, சும்மா விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, மிச்ச விரலால ஒவ்வொரு எழுத்தா தட்டி உன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள நாம பாட்டியே ஆயிடுவோம்னு விட்டுட்டேன். இப்ப பரவால்ல, பழைய தோல் உரிஞ்சு புதுசா வந்துடுச்சு.

உன் விஷயத்துக்கு வரேன். ரெண்டு மணிக்கட்டும் விரல் முட்டியும் வீங்கிக்கிட்டு, காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல மடக்கவே முடியலன்னு எழுதுனப்பவே எனக்கு சந்தேகம் தான். டாக்டரும் ருமட்டாய்டு, அதான் முடக்குவாதம்னு சொல்லிட்டாருங்கற. சரி. ஆனா அதுக்கு அப்புறம் ஒண்ணு கேட்டிருக்க பாரு, "எதிர்ப்பு சக்தி கம்மியானதால தானே இந்த நோய் வந்துச்சு, அப்புறம் எதுக்கு எதிர்ப்பு சக்திய இன்னும் கொறைக்கற மாத்திரைய குடுக்கறாங்க, பேசாம அத நிறுத்திட்டு இம்யூனிட்டி ஏத்தற பொடி ஏதாச்சும் வாங்கிக் குடிக்கட்டுமா"ன்னு. அத படிச்சதுலேருந்து எனக்கு இருப்பே கொள்ளல. சுருக்கமா சொன்னா வேணாம்டி, நிறுத்தாத. ஏன்னு கேட்டா என் நகச்சுத்துலேருந்து ஆரம்பிச்சு சொல்றேன், அதுவும் உன் முட்டி வீக்கமும் கிட்டத்தட்ட ஒரே ஆளுங்க பாக்கற வேலை தான்.

நகத்தோரமா நீட்டிக்கிட்டிருந்த தோல பல்லால கடிச்சு இழுத்தேன் (லேப்ல வேலை பாக்கறவ பண்ற காரியமா இதுன்னு திட்டு, திட்டிக்கோ). அந்த சின்ன கிழிசல் வழியா பாக்டீரியா உள்ள போயிருக்கு. தோலுக்கு அடியில மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை செல் எப்பவும் குடியிருக்கும், செத்த செல்லு, குப்பை கூளம் எல்லாத்தையும் முழுங்கி இடத்த சுத்தமா வெச்சுக்கறது தான் அதோட அன்றாட வேலை, ஆனா பாக்டீரியாவோட மேல்தோல்ல நம்ம ஒடம்புல எங்கயும் இல்லாத சில சரக்கு இருக்கும், அது தட்டுப்பட்ட உடனே இது கத்த ஆரம்பிச்சிடும். கத்தறதுன்னா ரசாயனமா தான், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்னு சில புரதங்கள அவுத்து விடும். பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய் விரிஞ்சு, சுவர் நெகிழ்ந்து, உள்பக்கம் பிசுபிசுன்னு ஆயிடும், ரத்தத்தோட வேகமா ஓடிக்கிட்டிருந்த நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு அதுல உரசி, உருண்டு, ஒட்டி நின்னு, சுவர்ல இருக்கற இடுக்கு வழியா ஒடம்ப நசுக்கிக்கிட்டு வெளிய வந்துடும். அதனால தான் எடம் செவக்குது, சுடுது, வீங்குது, வலிக்குது. நல்லா கவனி, அந்த வலியில கிருமி பண்ணது கொஞ்சம் தான், பெரும்பாலும் நம்ம ஆளுங்க கைவரிசை. இத மட்டும் மனசுல வெச்சுக்கோ, உன் கதைக்கு இது தான் முக்கியம்.

நியூட்ரோஃபில்ல நான் இருவது வருஷமா தினம் பாக்கறேன், இன்னும் அலுக்கல. ஸ்லைடுல ரத்தத்த இழுத்து சாயம் போட்டு லென்ஸுக்கு அடியில வெச்சா, வெளிறின ரோஸ் கலர் உடம்புக்குள்ள ஊதா கலர்ல நியூக்ளியஸ், அதுவும் ஒரே உருண்டையா இருக்காது, மூணு நாலு மணிய மெல்லிசு நூல்ல கோத்த மாதிரி இருக்கும். கிருமி தொத்து பலமா இருக்கறவங்க ரத்தத்துல பாத்தா, இன்னும் மடிப்பே விழாம குதிரை லாடம் மாதிரி நியூக்ளியஸ் வளைஞ்ச சின்னப் பசங்களும் நெறைய தெரிவாங்க, எலும்பு மஜ்ஜை பயிற்சி முடியாத ஆள எல்லாம் கூட அனுப்பிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். சாதாரண நாள்லயே மஜ்ஜை சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில் செய்யுது, அதுல பாதி ரத்தத்துல ஒரு நாள் கூட முழுசா தாங்காது. என் செய்தின்னா இது தான், இப்ப எங்க லேப்ல மெஷின் வந்து நிமிஷத்துல எண்ணி முடிச்சிடுது, அதுக்கே குழப்பமா இருக்கற ஸ்லைட் மட்டும் தான் என்கிட்ட வருது. கண்ணுக்கு நல்லது. மனசுக்கு என்னமோ போல இருக்கு.

1950கள்ல அமெரிக்காவுல வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல டேவிட் ராஜர்ஸ்னு ஒருத்தர் மைக்ரோஸ்கோப் வழியா எடுத்த ஒரு சின்ன படத்துண்டு இருக்கு, நான் படிக்கும்போது காட்டுனாங்க. சிவப்பணு கூட்டத்துக்கு நடுவுல ஒரு நியூட்ரோஃபில், அதுக்கு முன்னாடி ரெண்டு சின்ன கறுப்பு புள்ளி, ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. அது வளைஞ்சா இதுவும் வளையுது, அது சிவப்பணு பின்னாடி போனா இது சிவப்பணுவ இடிச்சு தள்ளிக்கிட்டு போகுது, கடைசியில எட்டிப் புடிச்சு முழுங்கிடுது. கண்ணு கெடையாது, மூளை கெடையாது, பாக்டீரியா விடற ரசாயன வாடைய வெச்சே இந்தத் துரத்தல். ஆனா முழுங்கிட்டு நிம்மதியா இருக்கறதில்ல, அதுவும் சாகும். சில சமயம் தன்னோட டிஎன்ஏவையே வலை மாதிரி வெளிய வீசி கிருமிய சிக்க வெச்சிட்டு சாகும், இத கண்டுபிடிச்சதே 2004ல தான். என் விரல்லேருந்து வந்த சீழ் முக்காவாசி இவங்க பொணம் தான்டி, அந்த லேசான பச்சை நெறம் கூட இவங்களுக்குள்ள இருக்கற ஒரு என்சைமோட நெறம். அது தெரிஞ்சப்புறம் சீழப் பாத்தா அருவருப்பு வரல, கொஞ்சம் மரியாதை தான் வருது.

மூணாம் நாள் அக்குள்ல நெறி கட்டிடுச்சு, கோலிகுண்டு மாதிரி. உனக்கு ஞாபகம் இருக்கா, சின்ன வயசுல கால்ல அடிபட்டா தொடை இடுக்குல நெறி கட்டும், வேற ஏதோ வியாதின்னு பயந்துடுவோம்? அங்க நடக்கறது தான் இதுல அழகான பாகம். காயத்துலேருந்து டென்ட்ரிட்டிக் செல்னு ஒண்ணு, மேலெல்லாம் கிளை கிளையா நீட்டிக்கிட்டு இருக்கும், கிருமிய தின்னு அதோட துண்ட தன் மேல ஒட்டிக்கிட்டு நிணநீர் வழியா அந்த நெறிக்கு போய் சேரும், அங்க வந்து போற டி செல்ங்கற இன்னொரு வகை வெள்ளை அணு ஒவ்வொண்ணுகிட்டயும் "இது உனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா"ன்னு காட்டும். ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு வடிவத்துக்குன்னு பொறந்தது, குறிப்பிட்ட ஒரு துண்டுக்குப் பொருந்தறது லட்சத்துல ஒண்ணோ பத்து லட்சத்துல ஒண்ணோ தான் இருக்கும், பொருந்தறது கெடச்சதும் அது ரெண்டு நாலுன்னு பெருகி ஒரு வாரத்துக்குள்ள பல ஆயிரம் ஆயிடும். நெறி வீங்கறது இந்தக் கூட்டத்தால தான். இதுல சில டி செல் நோய் புகுந்த செல்லுல ஓட்டை போட்டு கொல்லும், சிலது பி செல்லுக்கு கை குடுக்கும், அந்த பி செல் முத்தி பிளாஸ்மா செல் ஆச்சுன்னா விநாடிக்கு சுமார் 2,000 ஆன்டிபாடி, அதாவது கிருமி மேல போய் ஒட்டிக்கற புரதம், துப்பும். அதனால தான் எந்தப் புதுக் கிருமி வந்தாலும் மொத அஞ்சாறு நாள் படுத்தி எடுக்குது, சரியான ஆள தேடிப் புடிச்சு பெருக்கறதுக்கு அவ்வளவு நாள் ஆகுது. அடுத்த தடவ அவ்வளவு ஆகாது, கொஞ்சம் செல் வருஷக்கணக்கா ஞாபகத்தோட உள்ளயே இருந்துடும். ஃபாரோ தீவுகள்ல 1781ல தட்டம்மை வந்து அப்புறம் 65 வருஷம் வரவே இல்ல, 1846ல திரும்ப வந்தப்ப பானம்னு ஒரு இளம் டாக்டர் போய் பாத்திருக்காரு, 1781ல அம்மை வந்து பொழச்ச கெழடுங்க ஒருத்தருக்கும் ரெண்டாவது தடவ வரல.

டென்ட்ரிட்டிக் செல்லுக்கு பேர் வெச்ச ரால்ஃப் ஸ்டைன்மன் கதையையும் சொல்லிடறேன். 1973ல அவரு அத வெளிய சொன்னப்ப பல வருஷம் யாரும் பெருசா நம்பல. கடைசியில அவருக்கே கணையத்துல கேன்சர் வந்து, தன் டென்ட்ரிட்டிக் செல்ல வெச்சே தனக்கு வைத்தியம் பண்ணிப் பாத்தாரு, நாலு வருஷத்துக்கு மேல இருந்தாரு. 2011 அக்டோபர் 3ந்தேதி அவருக்கு நோபல்னு அறிவிச்சாங்க, அவரு செத்து மூணு நாள் ஆயிருந்துச்சு, குழுவுக்கே தெரியல. பரிச திரும்ப எடுக்கல, நல்ல வேளை.

இப்ப உன் முட்டிக்கு வருவோம். டி செல் எல்லாம் நெஞ்செலும்புக்கு பின்னாடி இருக்கற தைமஸ்ங்கற உறுப்புல தான் தயாராகுது, எந்த வடிவத்துக்கு யாருங்கறது குலுக்கல் மாதிரி கண்ணமூடிக்கிட்டு போடற கணக்கு, அப்ப நம்ம ஒடம்பையே எதிரின்னு நெனைக்கறதும் அதுல பொறக்கத் தானே செய்யும்? அதுக்கு தான் அங்க பரீட்சை. நம்ம செல்லோட அடையாள அட்டைய படிக்கவே தெரியலன்னா ஃபெயில், நம்ம செல்லோட ரொம்ப இறுக்கி ஒட்டிக்கிட்டாலும் ஃபெயில், ஃபெயில்னா சாவு தான். 100க்கு 95க்கு மேல அங்கயே முடிஞ்சிடும். அப்படியும் தப்பிச்சு வெளிய வர்றது உண்டு, உனக்கு எனக்கு எல்லாருக்கும் உண்டு. அதுங்கள தட்டி வைக்கறதுக்குன்னே தனியா ஒரு வகை டி செல் இருக்குன்னு 1995ல ஜப்பான்ல ஷிமோன் சகாகுச்சி காட்டுனாரு, அதுக்கு தான் 2025ல மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் கூட சேத்து அவருக்கு நோபல் குடுத்தாங்க. வண்டில பிரேக் மாதிரி வெச்சுக்கோ. உனக்கு ஆக்சிலரேட்டர் நல்லா தான் வேலை செய்யுது, சில இடத்துல பிரேக் தான் புடிக்கல.

முட்டிய சுத்தி உள்பக்கம் ஒரு மெல்லிசு சவ்வு இருக்கு, வழுவழுன்னு கொஞ்சம் திரவம் விடறது தான் அதோட வேலை. அங்க டி செல், பி செல், மேக்ரோஃபேஜ் எல்லாம் வந்து குடியேறி, கிருமியே இல்லாத எடத்துல அதே கத்தல், அதே டிஎன்எஃப், அதே சூடு வீக்கம். அந்தத் திரவத்த ஊசியில எடுத்து லென்ஸுல வெச்சா என் பழைய சிநேகிதங்க நியூட்ரோஃபில் கூட்டம் கூட்டமா இருப்பாங்க, தின்னறதுக்கு ஒண்ணுமில்லாம. சவ்வு தடிச்சு, விட்டா குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். உன் ரிப்போர்ட்ல ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவ்னு இருக்குன்னியே, அது என்ன தெரியுமா, நம்ம ஆன்டிபாடிக்கே எதிரா நம்மளே செய்யற இன்னொரு ஆன்டிபாடி. என் நகச்சுத்துல கிருமி ஒழிஞ்சதும் மேக்ரோஃபேஜ் பொணத்த எல்லாம் முழுங்கிட்டு, கத்தறத நிறுத்திட்டு, தோல் வளர உதவி பண்ணுச்சு, ஒரு வாரத்துல அடங்கிடுச்சு. உனக்கு அந்த அடங்கற பாகம் நடக்கல, அவ்வளவு தான் வித்தியாசம். இதுல போய் பொடி வாங்கி இம்யூனிட்டிய ஏத்தறேங்கற! அப்படி எல்லா செல்லையும் மொத்தமா ஏத்தற பொடி ஒண்ணு நெசமாவே இருந்தா உன்ன மாதிரி ஆளு தான்டி மொதல்ல ஓடி ஒளியணும்.

மாத்திரை மேல உனக்கு இருக்கற பயம் வீண் பயம்னு சொல்ல மாட்டேன். அடக்கறதுன்னா அதுக்கு ஒரு வெலை இருக்கு. 1990கள்ல லண்டன்ல மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ரெண்டு பேரும் டிஎன்எஃப்ப மட்டும் தடுத்தாலே முட்டி வீக்கம் வடியும்னு காட்டுனாங்க, அந்த ஊசி பல பேரு வாழ்க்கையவே மாத்துச்சு. ஆனா டிபி கிருமிய நம்ம ஒடம்பு பல பேருக்கு கொல்றதில்ல, மேக்ரோஃபேஜ் எல்லாம் சுத்தி நின்னு மதில் கட்டி உள்ள பூட்டி வெச்சிருக்கும், அந்த மதில் நிக்கறதுக்கே டிஎன்எஃப் வேணும். ஊசி போட்டா மதில் தளரும், தூங்கிட்டிருந்த டிபி எந்திரிக்கும். அதனால தான் அந்த ஊசிக்கு முன்னாடி கட்டாயம் டிபி டெஸ்ட் எடுப்பாங்க. உனக்கு இப்போதைக்கு ஊசி இல்ல, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தான். அத வாரத்துக்கு ஒரு நாள் தான் போடணும், தெனம் இல்ல, இத நான் ரெண்டு தடவ சொன்னேன்னு வெச்சுக்கோ, மறந்து தெனமும் போட்டு மஜ்ஜையே சுருண்டவங்க ஸ்லைட நான் பாத்திருக்கேன், ஒரு நியூட்ரோஃபில்ல தேடறதுக்கு ஸ்லைட் பூரா அலையணும். கெழமைய காலண்டர்ல வட்டம் போட்டு வை. கூட ஃபோலிக் ஆசிட் எழுதி இருந்தா அது எந்த நாள்னும் கேட்டுக்கோ. ரத்த டெஸ்ட், லிவர் டெஸ்ட் சொன்ன தேதில எடு, காய்ச்சல் வந்தா நீயா பொறுத்துப் பாக்காம டாக்டருக்கு சொல்லு, தடுப்பூசி எது போட்டாலும் இந்த மாத்திரைய சாப்பிடறேன்னு சொல்லிட்டு போடு. பலன் தெரிய ஆறு வாரம், பன்னெண்டு வாரம் கூட ஆகும், மூணு வாரத்துல ஒண்ணும் தெரியலன்னு நீ எழுதுனது சரி தான், தெரியாது.

அடுத்த சிபிசி, அதான் ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட் வந்ததும் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, வெள்ளை அணு மொத்தம் எவ்வளவு, நியூட்ரோஃபில் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவுன்னு நான் பாக்கணும். சின்னவன் பரீட்சை எப்படி எழுதுனான், உன் அக்கா திரும்ப வந்தாச்சா, ஒண்ணுமே எழுதல நீ. விரல் மடங்கலன்னா டைப் பண்ணாத, பேசியே அனுப்பு, ராத்திரி ஒன்பதுக்கு மேல நான் ஃப்ரீ தான்.

உன்,
மீனா