கேட்டது கொடி மனோரஞ்சிதம், வந்தது வேறு செடி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் 'கொடி மனோரஞ்சிதம்' என்று போட்டிருந்ததை நம்பிக் கன்று வாங்கினேன். பூத்த பிறகுதான் மோசம் போனது தெரிந்தது. அது கொடியே அல்ல. அதே பெயரைச் சொல்லி விற்கும் குட்டைக் கனங்கா என்ற புதர்ச்செடி.

நர்சரி நடத்தும் உங்களுக்கு நான் அடையாளம் சொல்ல வேண்டுமா? கொடி மனோரஞ்சிதத்தின் பூக்காம்பு கொக்கியாக வளைந்து கெட்டிப்படும். அதைக்கொண்டுதான் பற்றி ஏறும். இதழ்கள் தடித்தவை, மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு. பச்சையாக இருக்கும்வரை இலைகளுக்குள் பூ இருப்பதே தெரியாது. மஞ்சளாக மாறும்போது பழ வாசம் ஆளை இழுக்கும். என் வீட்டுச் செடியில் ஒரு கொக்கிகூட இல்லை. மெல்லிய நாடாபோல இதழ்கள் சுருண்டு தொங்குகின்றன.

படம் அனுப்பினேன், தெளிவாக இல்லை என்றீர்கள். மறுபடி அனுப்பினேன், 'புகார் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. யார் முடித்தது? தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "வாசம் வருகிறதா இல்லையா? பிறகு என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். என் வயதுக்காவது மரியாதை தந்திருக்கலாம். வாசத்துக்கு ஊதுபத்தி போதுமே, கொடி எதற்கு?

பாம்பு வரும் என்று அக்கம்பக்கத்தார் தடுத்தும் கேளாமல் வைத்த செடி இது. அது ஏறுவதற்கென்றே பற்றவைத்த இரும்பு வளைவு வாசலில் மொட்டையாக நிற்கிறது. என் வீட்டின் களையே போய்விட்டது. இந்த இழப்புக்கு என்ன விலை போடுவீர்கள்?

தொலைபேசியில் அந்த ஊழியருக்கு முன்பு என்னிடம் பேசிய இன்னொருவர், செடியை நேரில் காட்டச் சொன்னார். பூவோடு கிளையை ஒடித்து, ஈரத்துணி சுற்றி, வெயிலில் பஸ் ஏறி உங்கள் கிளை நர்சரிக்குப் போனேன். "ஆன்லைன் ஆர்டரை இங்கே பார்ப்பதில்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். உட்காரச் சொல்லவும் ஆளில்லை.

தயவுசெய்து 15 நாட்களுக்குள் சரியான கன்றை அனுப்புங்கள். அல்லது கன்றின் விலையோடு வளைவுக்கான செலவையும் திருப்பித் தாருங்கள். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். ரசீது, படங்கள், உங்கள் குறுஞ்செய்தி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கன்று அனுப்புவதானால், முதலில் தாய்ச்செடியின் கொக்கி தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகே பார்சலை வாங்குவேன்.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர்