நீ சொல்லாத குளிர்

ஹெல்சிங்கி
ஜனவரி 9

கண்ணா,

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது, அப்பா தூங்கிவிட்டார். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே 250 கிலோமீட்டர் என்று பின்லாந்தின் சாரிசெல்கா என்ற ஊரை நீ வரைபடத்தில் காட்டியபோது எனக்கு அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இறங்கிய அன்று மைனஸ் 27. மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் முடியெல்லாம் விறைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் மறைந்த சூரியன் ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் திரும்ப எட்டிப் பார்க்குமாம். நடுப்பகலில் கொஞ்ச நேரம் வானமும் பனியும் ஒரே நீலமாகின்றன, பிறகு மறுபடி இருட்டு. பைன் மரங்கள் உருவமே தெரியாமல் பனியைச் சுமந்து குனிந்து நிற்கின்றன. புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். பனிக்காலணி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தபோது நின்று கேட்டுப் பார்த்தோம். என் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது.

நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அப்பா பின்னால் நின்று ஓட்டினார், நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கிளம்புகிறவரை அந்த ஹஸ்கிகள் துள்ளித் துள்ளிக் குரைக்கின்றன. கயிற்றை அவிழ்த்ததும் ஒரு குரைப்பு இல்லை, ஓட்டம்தான். விழுந்தாலும் கைப்பிடியை விடாதீர்கள், விட்டால் நாய்கள் வண்டியோடு போய்விடும் என்று நாலு தடவை சொல்லி அனுப்பினார்கள். அப்பா அந்தப் பிடியை விடவே இல்லை. இறங்கிய பிறகும் அவர் விரல்கள் மடங்கியேதான் இருந்தன.

ஒரு மணி நேரம் காற்றில் உட்கார்ந்து வந்தேனா, இறங்கியதும் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உதடு ஒட்டவே இல்லை. ‘ப’ வரவில்லை, ‘ம’ வரவில்லை, என்னவோ குழறியது. போட்டோ எடுக்கலாம் என்று கையுறையைக் கழற்றினேன். காலையில் முழு சார்ஜில் இருந்த போன் ஐந்து நிமிஷத்தில் அணைந்துபோனது. விரலும் மரத்துவிட்டது. தேய்க்காதீர்கள் என்று அந்தப் பெண் ஓடி வந்து, என் கைகளைக் கோட்டுக்குள்ளே என் அக்குளிலேயே வைக்கச் சொன்னாள். அந்த இருட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் கண்ணா, ஹெல்சிங்கியில் உன் முதல் குளிர்காலம் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாய். நாக்கு குழறும். “என்னடா, தூக்கத்தில் பேசுகிறாயா? ஒழுங்காகப் பேசு” என்று அதட்டியிருக்கிறேன். திடீரென்று இணைப்பு அறுந்துபோகும். மறுநாள் கேட்டால் “பேட்டரி போயிடுச்சும்மா” என்பாய். பேச்சை முடித்துக்கொள்ளச் சாக்கு சொல்கிறாய் என்று நினைத்து, இரண்டு நாள் நான் போனை எடுக்காமலும் இருந்தேன். குளிராடா என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வானத்தில் தெரியும் வடக்கத்தி ஒளியை (அரோரா) ஒரே ஒரு இரவு பார்த்தோம், பச்சையாக, அலையலையாக. இனாரி என்ற ஊருக்குப் போய், அந்த வடக்குப் பகுதியின் பூர்வகுடிகளான ‘சாமி’ மக்களின் சீடா அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். அந்த ஒரு நகராட்சிக்கே நாலு ஆட்சிமொழிகள். அதில் இனாரி சாமி பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். அழிந்துவிடும் என்ற நிலையில், 1997-இல் ‘மொழிக் கூடு’ என்று மழலையர் பள்ளி தொடங்கி, அந்த மொழியிலேயே பேசிப் பேசிக் குழந்தைகளிடம் சேர்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டு நான் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹெல்சிங்கியில் சுவோமென்லின்னா கோட்டைக்குப் படகில் போனோம். கடல் மேல் மிதக்கும் பனிக்கட்டிகளை நொறுக்கிக்கொண்டு போகிறது. ஊடி நூலகத்துக்குள் நுழைந்ததும் அப்பா “இங்கதான் நம்ம பையன் படிச்சான்” என்று வாய்விட்டே சொன்னார். நீ வந்த 2018 டிசம்பரில்தான் அதைத் திறந்தார்கள், இல்லையா? யார் வேண்டுமானாலும் வந்து தைத்துக்கொள்ளத் தையல் மிஷின்கூட வைத்திருக்கிறார்கள். நீ உன் கோட்டின் கிழிசலை நூலகத்தில் தைத்தேன் என்றபோது நான் நம்பவில்லை. இன்றைக்கு அந்த மிஷினைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அப்பாவை அறைக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் ஹக்கனியெமி பகுதியில் நீ அப்போது டிராம் ஏறிய நிறுத்தத்துக்குப் போனேன். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மைனஸ் 8 தான், ஆனால் கடல் காற்று. பதினைந்து நிமிஷம் நின்றேன். என்னிடம் கம்பளி உள்ளாடை, இரண்டு அடுக்குக் கையுறை, ஒரு அளவு பெரிய பூட்ஸ் எல்லாம் இருந்தது, எல்லாம் நீ வாங்கி அனுப்பியது. அந்த வருஷம் உன்னிடம் இருந்தது நான் கொடுத்தனுப்பிய ஒற்றை ஸ்வெட்டர். பருத்தி.

ஊருக்குப் போனதும் கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாத நேரமாகப் பார்த்துச் சொல். அந்த முதல் குளிர்காலத்தை ஆரம்பத்திலிருந்து, ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும். ‘ஒண்ணுமில்லம்மா’ மட்டும் வேண்டாம்.

அம்மா